செய்தவர் என்ற கட்டம்

என் மனைவியைப் பார்த்ததும் இந்த ஊரில் பாதிப் பேர் சட்டைக் கையை மடித்துவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு முதல் வீடு, பத்து மணிக்குள் பதினான்கு வீடு. எல்லாரும் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள், அதனால் எல்லாரும் எரிச்சலில் இருப்பவர்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்கள்கூட அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வலிக்காமல் குத்துவாள் என்று பேர் வாங்கியிருக்கிறாள். வீட்டில் அந்தப் பேர் செல்லாது.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். பதினெட்டு வருடமாக ஃபிரேம் சரிசெய்வதும் லென்ஸ் பொருத்துவதும் என் பிழைப்பு. கண்ணுக்குத் தெரியாத திருகாணியை இடுக்கியால் எடுத்து அதன் துளையில் உட்கார வைப்பேன். ஆனால் எங்கள் காரின் பானெட்டைத் திறக்கும் விசை எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை.

அந்தக் கார் சின்னது, வெள்ளை நிறம், அவள் சம்பளத்தில் வாங்கியது. பின் சீட்டில் ஐஸ் பெட்டி, முன் சீட்டில் ரத்தம் பிடிக்கும் சிறு குழாய்கள் அடுக்கிய தட்டு, கதவுப் பையில் பஞ்சும் கையுறையும். ஐந்து வருட வாரன்டி. கார் இருந்தால்தான் நிலையம் அவளுக்குத் தனி வட்டாரம் கொடுக்கும். இல்லாவிட்டால் உள்ளே உட்கார்ந்து வரிசையில் வருகிறவர்களைக் குத்த வேண்டியதுதான், அதுவும் இடம் காலியாக இருந்தால்.

முதல் வருடம் வண்டியைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் விட்டோம். அது ஊருக்கு வெளியே, பெரிய சாலையில். காலையில் விட்டால் சாயங்காலம்தான் கைக்கு வரும். அன்றைக்குப் பதினான்கு வீடும் வேறு ஆளுக்குப் போய்விடும். அதையும் பொறுத்துக்கொண்டாள். இரண்டாவது தடவை விடும் முன்பு ஏர் ஃபில்டரின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். ஏன் வைத்தாய் என்று கேட்டதற்குச் சந்தேகமெல்லாம் இல்லை, பழக்கம் என்றாள். குழாய்க்குக் குழாய் பேரும் நேரமும் எழுதியே பழகிப்போன கை. வண்டி வந்தது. ஏர் ஃபில்டர் மாற்றியதாகத் தாளில் டிக் போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால் புள்ளி போட்ட அதே ஃபில்டர், நோகாமல் உட்கார்ந்திருந்தது.

போய்ச் சண்டை போட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நானாக இருந்தால் அங்கே போய் நாலு சத்தம் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தச் சத்தத்தை எட்டாக்கிச் சொல்லியிருப்பேன். அவளோ வாரன்டி புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

பொடி எழுத்தைப் படிக்கத்தான் நான் ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்கிறேன். வாங்கிப் போனவர்களில் ஒருவராவது வாரன்டி புத்தகத்தைப் படித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இவள் அட்டை முதல் அட்டை வரை படித்தாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். ஆயில், ஃபில்டர் மாதிரியான வழக்கமான பராமரிப்பை வெளியிலும் செய்துகொள்ளலாம், வண்டியின் சொந்தக்காரரே செய்யலாம். அவர்கள் சொன்ன கிலோமீட்டருக்குள், சொன்ன தரத்து ஆயிலும் பாகமும் போட்டு, அதற்கு அத்தாட்சி வைத்திருந்தால் வாரன்டி போகாது. என்ஜினைப் பிரிக்க மட்டும் கூடாது. அதில் பழுது வந்தால் அவர்கள்தான் திறக்க வேண்டும். இவ்வளவுதான். செய்யலாம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள் பாருங்கள் என்றாள். போடத்தான் போட்டிருப்பார்கள், கேட்கும்போது கொடுக்க மாட்டார்கள் என்றேன் நான். ஒரு வேலையும் செய்யாதவனுக்கு இந்த மாதிரி வாக்கியங்கள் சுலபமாக வரும்.

அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. வண்டியின் முன் சக்கரங்களை இரண்டு இரும்புச் சரிவுகள் மேல் ஏற்றுவாள். பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பாள். பழைய நைட்டிக்கு மேல் என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, அதன் மேல் மல்லாக்கப் படுத்து உள்ளே போய்விடுவாள். போல்ட்டைக் கழற்றினால் கறுத்த ஆயில் தட்டில் இறங்கும். அது சொட்டிச் சொட்டி நிற்கும்வரை அவசரப்பட மாட்டாள். போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர். திருப்பி முடுக்குவதற்கு ஒரு ஸ்பேனர் வாங்கி வைத்திருக்கிறாள், போதுமான இறுக்கம் வந்ததும் அது டக்கென்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்துக்கு மேல் ஒரு நூல்கூட முடுக்க மாட்டாள். பழைய ஆயிலைக் கேனில் ஊற்றித் தெருமுனை டயர் கடையில் கொடுத்துவிடுவாள். அந்தக் கடைக்காரர்தான் மொத்தமாகச் சேர்த்துச் சுத்திகரிக்க அனுப்புகிறவர்.

அதைவிடப் பெரிய வேலை எழுதுவது. அதற்கென்று ஒரு ஃபைல். ஆயில் வாங்கிய ரசீது, ஃபில்டர் வாங்கிய ரசீது, ஃபில்டர் பெட்டியின் மேல் எண் தெரிகிற மாதிரி ஒரு படம், கிலோமீட்டர் காட்டும் முகப்பு ஒரு படம். பிறகு கோடு போட்ட தாளில் தேதி, கிலோமீட்டர், ஆயிலின் தரம், பாகத்தின் எண். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு, செய்தவர். அதில் தன் முழுப் பேரையும் எழுதி அடியில் கையெழுத்துப் போடுவாள். இதெல்லாம் எதற்கு, நம் வீட்டு வண்டிதானே என்று கேட்டேன். நிலையத்தில் அப்படித்தான், குழாயில் எழுதவில்லை என்றால் ரத்தம் எடுக்கவே இல்லை என்று அர்த்தம் என்றாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க ஓடி ஓடிச் சலித்துப் போகிறவள் அவள். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவே தெம்பு இருக்காது, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியிலிருந்து முனகல் மாதிரி ஒரு பாட்டு வரும். முகத்தில் கரியோடு வெளியே வந்து, இது கையை இழுத்துக்காது, மெதுவா குத்துன்னு சொல்லாது என்பாள். அப்போது அவள் சிரிக்கிற சிரிப்பு எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்று ஒரு நாளும் நான் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். வாசலில் கார். காருக்கு அடியிலிருந்து என் மனைவியின் இரண்டு கால்கள். பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நான். அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, டார்ச் பிடிக்கத்தான் உன்னைப் பெத்து வளர்த்தாங்களாடா என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு டார்ச் என்று பேர் விழுந்துவிட்டது. யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், வா டார்ச், உட்காரு டார்ச். நானும் சிரித்துக்கொண்டே உட்காருவேன். உள்ளே புகையும். அடுத்த தடவையிலிருந்து அவள் டார்ச்சைச் செங்கல் மேல் வைத்துக்கொண்டாள், நான் வீட்டுக்குள் இருந்தேன். வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை.

மூன்று வருடம் முடிந்து நாலாவது வருடம் பாதியில், ஒரு காலை ஏழரை மணிக்கு, ஒன்பதாவது வீட்டுக்குப் போகும் மேட்டில் வண்டி நின்றது. கடகடவென்று சத்தம், பிறகு அமைதி. பெட்டியில் எட்டு வீட்டு ரத்தம். அது நேரத்துக்குள் நிலையத்துக்குப் போயாக வேண்டும். அவள் வாடகை வண்டி ஒன்றைப் பிடித்து, மிச்ச வீடுகளையும் முடித்துக்கொண்டு போகக் கிளம்பினாள். என்னைப் போனில் கூப்பிட்டு, இழுவை வண்டியோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், உள்ளே விட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வாருங்கள், ஃபைலை நான் நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். கையெழுத்து மட்டும் என்று அவள் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

சென்டரின் முன்மேசையில் மடிப்புக் கலையாத சட்டை போட்ட ஒரு பையன்தான் உட்கார்ந்திருந்தார், பையன் என்றாலும் முப்பது வயதிருக்கும். எனக்குப் பின்னால் வரிசையில் இரண்டு பேர், இரண்டு பேருமே கார் விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். முன்மேசைக்காரர் படிவத்தை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"இங்க கடைசியா வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆயிருக்கே சார். நடுவுல சர்வீஸ் யார் பண்ணாங்க?"

பின்னால் பேச்சு நின்றது. நின்றதா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. என் மனைவி என்று இரண்டு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. அண்ணன் முகமும் கூடவே வந்தது.

"எங்க தெருமுனையில டயர் கடைக்காரர் ஒருத்தர் இருக்கார். அவர்தான். நல்லா பண்ணுவார்."

நல்லா பண்ணுவாரா என்று யாரும் கேட்கவில்லை. பொய்க்குப் பொட்டு வைத்து அனுப்பினேன். முன்மேசைக்காரர் கடைப் பேரையும் போன் நம்பரையும் கேட்டார். கொடுத்தேன். எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தார். போட்டேன் கையெழுத்தை.

மறுநாள் வேலை முடிந்து அவள் ஃபைலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒன்றும் கேட்கவில்லையாம். என்ஜினுக்குள்ளே ஓடும் டைமிங் செயின் கழன்று, வால்வுகளை நொறுக்கிவிட்டது என்று சொன்னார்களாம். என்ஜினில் பாதியை மாற்ற வேண்டும். வாரன்டியில் வருமா வராதா என்பதைத் தலைமை அலுவலகத்தில் கேட்டுச் சொல்வார்கள். கட்டாயம் வரும், நம்ம பக்கம் எல்லாமே எழுத்துல இருக்கு என்று அவள் நம்பிக்கையாகச் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

எட்டு நாள் ஆயிற்று. அந்த எட்டு நாளும் அவள் நாலரை மணிக்கு எழுந்து, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பெட்டிக்கு இடம் இருக்காது, பெட்டிக்கு இருந்தால் இவளுக்கு இருக்காது. பதினான்கு வீடு ஒன்பதாகச் சுருங்கியது. நிலையத்து மேற்பார்வையாளர் மாதக் கடைசி வரை பார்ப்பேன், அதற்குள் வண்டி வராவிட்டால் வட்டாரத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பெட்டியின் வார் அழுத்தித் தோளில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. நான் எண்ணெய் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் மேல, ஆங், அங்கதான் என்பாள். நான் மென்று விழுங்கிவிடுவேன். எட்டு நாளில் எட்டுத் தடவை விழுங்கினேன்.

ஒன்பதாம் நாள் போன் வந்தது. வாரன்டி கிடையாது. பராமரிப்புக் காகிதங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, நம்ப முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எது முரண், எல்லாமே என் கையால் எழுதியதாயிற்றே என்று ஃபைலின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியாகச் சரிபார்த்தாள். தன்மேல்தான் தப்பைத் தேடினாள். ஒரு ரசீதில் தேதி மங்கியிருக்கிறது, அதுவாக இருக்குமோ என்று என்னைக் கேட்டாள். இருக்கலாம் என்றேன். அப்படியும் சொன்னேன் நான்.

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் போனோம். வாரன்டி விவகாரம் பார்க்கிற மேலாளர் ஐம்பது வயதுக்காரர், தணிந்த குரல். அவர் மூக்குக்கண்ணாடியில் இடதுபக்கத் திருகாணி தளர்ந்து, கண்ணாடி ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. உலகம் இடிந்து விழும்போதும் என் கண் அதைத்தான் பார்க்கும். அவர் ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஃபைல் பிரமாதமா இருக்கு மேடம், எங்க சென்டர்லகூட இப்படி எழுத மாட்டாங்க, அதுதான் எங்களுக்குச் சந்தேகமே என்றார். என்ன சந்தேகம் என்று அவள் கேட்டாள். அவர் இன்னொரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"வண்டியை விடும்போது சார் சொன்னது இது. டயர் கடைக்காரர் சர்வீஸ் பண்ணார்னு. அவருக்குப் போன் பண்ணோம். நான் டயரைத் தவிர எதையும் தொடுறதில்லைன்னு சொல்லிட்டு போனை வச்சுட்டார். ஃபைல்ல பார்த்தா உங்க கையெழுத்து. மூணு பேர் மூணு சொன்னா நாங்க எதைத்தான் அனுப்புறது?"

அவள் படித்தாள். இரண்டு வரிதான். ஆனால் ரொம்ப நேரம் படித்தாள். என் கையெழுத்து வரைக்கும் வந்து அங்கேயே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தாளை மெதுவாக அவர் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, இதை எப்படிங்க சரிசெய்யறது என்று மேலாளரிடம் கேட்டாள். என்னைப் பார்க்கவே இல்லை.

அவர் வேறொரு தாளை எடுத்துப் பார்த்தார். என்ஜினிலிருந்து எடுத்த ஆயில் சுத்தமாக இருந்ததாகவும், தரமும் சரியாக இருந்ததாகவும் பட்டறையிலிருந்து குறிப்பு வந்திருக்கிறதாம். செயின் கழன்றதற்கு அதை இழுத்துப் பிடிக்கும் பாகம்தான் காரணம், அது அவர்கள் தலையில்தான் வரும். தகராறு காகிதத்தில் மட்டும்தான். முதலில் சொன்னது பொய் என்றால், அதைச் சொன்னவரே எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன பொய், எதற்காகச் சொன்னது, இரண்டும் வேண்டும். காரணம் இல்லாமல் மாற்றி எழுதினால் தலைமை அலுவலகம் இதையும் பொய் என்றுதான் நினைக்கும். சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை என்னிடம் நீட்டினார்.

வெளியே காத்திருப்பவர்களுக்காக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஃபைலை மடியில் வைத்து எழுதினேன். கவனக்குறைவின் காரணமாகத் தவறான தகவல் தந்துவிட்டேன் என்று ஒரு பத்தி. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியே வளர்ந்த கை, சரளமாக வந்தது. அவளிடம் கொடுத்தேன். படித்தாள்.

"கவனக்குறைவா?" என்றாள்.

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில், வண்டி பழுதான பதற்றத்தில் என்று ஆரம்பித்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"நடு ரோட்டுல வண்டியை விட்டுட்டு ரத்தப் பெட்டியோட ஓடினது நான். பதற்றம் உங்களுக்கா?"

குரலை உயர்த்தவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்குக் கோபம் நன்றாக வரும். இப்போது என்ன எழுதச் சொல்கிறாய், என் மானத்தைப் பத்துப் பேர் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"உங்க மானத்தை நான் கேட்கலைங்க. என் கையெழுத்தைத்தான் கேட்கிறேன். ரெண்டு வருஷமா நான் போட்டது அத்தனையும் பொய்க் கையெழுத்துன்னு அங்க எழுதி வச்சிருக்காங்க."

அதுவரைக்கும் நான் வண்டியைப் பற்றி யோசித்தேன், அண்ணனைப் பற்றி யோசித்தேன், அவள் தோளைப் பற்றிக்கூட யோசித்தேன். அவள் கையெழுத்தைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. எழுதவில்லை என்றால் செய்யவில்லை என்று இருக்கிறவள் அவள். அவள் செய்ததை எல்லாம் ஒரே வாக்கியத்தில் டயர் கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். எழுந்துபோய் இன்னொரு தாள் வாங்கி வந்தேன்.

மூன்றாவது தடவை நாலே வரிதான். இந்த வண்டிக்கு முதல் வருடம் தவிர எல்லாப் பராமரிப்பையும் செய்தவர் என் மனைவி. டயர் கடைக்காரர் செய்தார் என்று நான் சொன்னது பொய். பெண்டாட்டி வண்டி வேலை செய்கிறாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று மற்றவர்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டேன். வேறு காரணம் இல்லை. எழுதும்போது காது சூடாகியது. கொடுத்தேன். கடிதத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"தேதி போடலை" என்றாள்.

போட்டேன்.

மேலாளர் அதைப் படித்தார். சிரிக்கவில்லை, அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். மறுபடியும் டயர் கடைக்குப் போன் போட்டார். இந்தத் தடவை கேள்வியை மாற்றிக் கேட்டார். அந்தம்மாதான் பழைய ஆயிலைக் கொண்டுவந்து கொடுக்கும், கேன் மேல தேதிகூட எழுதியிருக்கும் என்று கடைக்காரர் சொன்னது ஒலிபெருக்கியில் எங்களுக்கும் கேட்டது. மேலாளர் கடிதத்தை ஃபைலின் மேலேயே வைத்துக் கோத்தார். கிளம்பும்போது அவர் கண்ணாடியை வாங்கித் திருகாணியை நகத்தாலேயே கொஞ்சம் முடுக்கிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரம் அதுதான்.

பன்னிரண்டு நாளில் ஒப்புதல் வந்தது, இன்னும் ஆறு நாளில் வண்டி வந்தது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் மிச்சம். வட்டாரம் தப்பியது. ஃபைலையும் திருப்பிக் கொடுத்தார்கள், மேலே என் கடிதத்தின் நகலோடு. அதை எடுத்துவிடுவாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. அடியில் தள்ளவும் இல்லை. தேதி வரிசைப்படி அது எங்கே வர வேண்டுமோ அங்கே துளை போட்டு மாட்டினாள்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. பழைய மாதிரியே பேசினாள், பழைய மாதிரியே மத்தியானம் வந்து நாற்காலியில் சாய்ந்தாள். ஒரு நாள் அண்ணன் வந்து, என்ன டார்ச், வண்டி என்ன ஆச்சு என்று கேட்டபோது நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தில் எழுதியது உட்பட. அண்ணனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவள் சமையலறையில்தான் இருந்தாள். கேட்டிருப்பாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் சீக்கிரமே எழுந்துவிட்டேன். இரும்புச் சரிவுகளை நானே இழுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டேன். அட்டைப் பெட்டியைப் பிரித்து விரித்தேன். டார்ச்சில் புது பேட்டரி போட்டேன். தெருவில் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு போனார்கள், பார்க்கட்டும் என்று நின்றேன். எனக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்த மாதிரி இருந்தது. அவள் எட்டரை மணிக்கு எழுந்து வாசலுக்கு வந்தாள். சரிவுகளைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள்.

"நாளைக்குச் சென்டர்ல விடறதா சொல்லியிருக்கேன்" என்றாள்.

"நாளைக்கா? அப்போ உன் பதினாலு வீடு?"

"ஒரு நாள்தானே. வேற ஆள் போகும்."

"நீயே செய்யேன்மா. நான் பக்கத்துலயே இருக்கேன். யார் வந்தாலும் இருக்கேன்."

தலையை ஆட்டினாள். வேண்டாம் என்பதற்கு ஆட்டுகிற ஆட்டல். அந்தச் சென்டரில் ஃபில்டரை மாற்றுவார்களா மாட்டார்களா என்று அவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் அங்கேதான் விடப்போகிறாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

"என்மேல இன்னும் கோபமா?"

கேட்டதும் அவள் நின்றாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள், அவள் எதையும் பார்க்காமல் சொல்கிறவள் இல்லை.

"கோபமெல்லாம் இல்லைங்க. அதுல மனசு விட்டுப்போச்சு. கோபம் இருந்திருந்தா நானே செஞ்சிருப்பேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நான் அட்டையை மடித்து வைத்தேன். சரிவுகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். இரண்டும் நல்ல கனம். இத்தனை நாளும் அவள் ஒருத்தியாகத்தான் தூக்கிக்கொண்டிருந்தாள்.